மூணு மணி வண்டியில் ஒரு கால்

மஞ்சப்பள்ளத்து அணையின் சுவர் விழுந்த அன்றைக்குத் தண்ணீர் விழவில்லை. சுவர் போனால் போகட்டும் என்று அது பாட்டுக்கு நின்றது.

அணை என்றதும் ஷட்டரும் மதகும் போலீஸ் காவலும் பூங்காவும் வைத்த பெரிய அணையை நினைத்துக்கொள்ளாதீர்கள். வத்தலக்குண்டிலிருந்து மலையேறுகிற பாதையில், காப்பியும் ஆரஞ்சும் கலந்து நிற்கிற ஒரு மடிப்பில், மதுரைக்கார முதலாளி ஒருவர் தன் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் படகு விட்டு விளையாடட்டும் என்று ஓடையை மறித்துக் கட்டிய கல்லுச் சுவர், அவ்வளவுதான். பிள்ளைகள் வளர்ந்து கடல் தாண்டிப் போனார்கள், படகு சும்மா கிடந்தது, படகு சும்மா கிடக்கிறதே என்று ஒரு விடுதி வந்தது, விடுதி வந்ததால் வாத்து மாதிரி செய்த மிதிபடகுகள் வந்தன, வாத்து தரைதட்டக் கூடாதே என்று மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற வாயில் பலகை அடித்து மண்மூட்டை அடுக்கினார்கள், பிறகு அப்படியொரு வாய் இருந்ததையே மறந்தார்கள். சுவரின் இடுக்கில் அரசங்கன்று ஒன்று முளைத்தது. பிடுங்கப் போனவன் கையைத் தட்டிவிட்டுப் பெண்கள் அதற்கு மஞ்சள் துணி கட்டினார்கள். சுவரின் அடிவயிற்றில் ஒரு கசிவு கண்டது. வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள், மஞ்சப்பள்ளத்தில் அதில் ஒரு மூங்கில் குழாயைச் சொருகிக் குடத்தை வைத்தார்கள்.

சுவருக்கு நேர் கீழே தோட்டத்து ஆட்களின் ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்தன. ஓடைக்கு இறங்கி ஏறி இடுப்பொடிந்த பெண்களுக்கு வாசலிலேயே தண்ணீர் என்றால் சும்மாவா? கசிவு முதலில் நூலாக வந்தது, பிறகு விரலாக வந்தது, பிறகு குழந்தையின் மணிக்கட்டாக வந்தது. ஒரு தடவை முதலாளி சிமெண்டு வைத்து அடைக்க ஆள் அனுப்பினார். பெண்கள் குடங்களைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து மறித்தார்கள். "எங்க வீட்டுக் குழாய அடைக்க நீ யாருய்யா?" என்று கேட்டார்கள். வந்தவன் கரைத்த சிமெண்டை வீணாக்காமல் கோயில் படிக்குப் பூசிவிட்டுப் போய்விட்டான்.

பவுன்தாயும் அன்றைக்குக் குடத்தின்மேல் உட்கார்ந்தவள்தான். விடுதியில் சமையல் அவளுக்கு. புருஷன் போய்ச் சேர்ந்து வெகு வருஷமாகிவிட்டது. ஒரே மகள் செவந்தியைத் திருப்பூரில் பனியன் தைக்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, தனி வீட்டில் தனி உலை வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் மாசி மாதத்தில் செவந்தி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதை யார் மாற்ற முடியும்? பவுன்தாய் சந்தோஷத்தோடு தொட்டில் கட்ட விட்டத்தை அண்ணாந்து பார்த்தாள், விட்டத்துக்குப் பின்னால் ஓடு, ஓட்டுக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் தண்ணீர் என்று அவள் கண்ணுக்கு அன்றைக்குத்தான் வரிசையாகத் தெரிந்தது. குழாயில் வருகிற தண்ணீர் கொஞ்ச நாளாகச் செம்மண் கலந்து வந்துகொண்டிருந்தது. எல்லாரும் தேத்தாங்கொட்டையை உரசிப்போட்டுத் தெளியவைத்துக் குடித்தார்கள்.

"மதினி, செவப்பா வருதே, அப்ப உள்ளுக்குள்ள மண்ணு கரைஞ்சு போகுதுன்னுதான?" என்று பக்கத்து வீட்டுப் பிச்சம்மாவிடம் கேட்டாள்.

"ஒனக்குச் சேதி வந்ததுலருந்து எதப் பாத்தாலும் பயம். புளியங்கா தின்னு, சரியாப்போகும்" என்றாள் பிச்சம்மா.

"புள்ள உண்டானது அவ மதினி, நான் இல்ல."

பவுன்தாய்க்கு மனசு அடங்கவில்லை. விருந்தாளிகளுக்குச் சோறு போடும்போது, "செவரு சரியில்ல, படகுல ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டாள். வத்தலக்குண்டில் ஒரு ஓட்டலில் வேலை கேட்டு வைத்தாள், ஒரு அறைக்குச் சொல்லி வைத்தாள், துணியை மூட்டை கட்டிக்கொண்டு மூணு மணி வண்டிக்கு வந்தாள். மஞ்சப்பள்ளம்தான் அந்த வண்டிக்குக் கடைசி நிறுத்தம். ஏறி வந்து, திரும்பி நின்று, மறுபடி கீழே இறங்கும். சன்னாசி மேஸ்திரி வண்டி வாசலுக்கே வந்துவிட்டார். தோட்டத்துக்கும் விடுதிக்கும் படகுக்கும் அவர்தான் மேஸ்திரி, முதலாளி இல்லாத நாளில் அவரே முதலாளி. பவுன்தாய் விருந்தாளிகளிடம் சொன்னது அவர் காதுக்குப் போயிருந்தது.

"போ, போய்த் தொல! இனி இந்தப் பக்கம் தல காட்டாத!" என்று விரலை நீட்டினார்.

பவுன்தாய் வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். கண்டக்டர் அல்போன்ஸ் விசிலை வாயில் வைத்தான். அந்த நேரத்தில்தான் லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

சுவர் முன்பக்கமாக, கல் கல்லாக, அவசரமில்லாமல் விழுந்தது. அரசங்கன்று மஞ்சள் துணியோடு குப்புற விழுந்தது. புழுதி அடங்கினபோது தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது, காற்றில்லாத நேரத்தில் கொடியில் தொங்குகிற புதுச்சேலை மாதிரி, மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு மடிப்பில்லாமல். உள்ளே இருந்த கெண்டை மீன்கள் விளிம்புக்கு வந்து, வெளியே என்ன சத்தம் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. மேலே வாத்துப் படகில் இருந்த புதுமாப்பிள்ளையும் பெண்ணும் மிதிப்பதை நிறுத்தவே இல்லை. மூங்கில் குழாய் சுவரோடு போய்விட்டது. ஆனாலும் அது இருந்த உயரத்தில், வெறும் அந்தரத்திலிருந்து, மணிக்கட்டு அகலத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஜனங்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு பிச்சம்மா குடத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

டிரைவர் மட்டும் பயந்துபோய் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிட்டார். பதறிக் காலை இறக்கிவிட்ட பவுன்தாய் மூட்டையோடு ரோட்டில் நின்றாள்.

மறுநாள் அதே நேரத்துக்குத் தண்ணீர் முன்பக்கமாக உப்பியது. நிறைமாத வயிறு போல, வீட்டு ஓடுகளுக்குமேல் பளபளவென்று உப்பி இறங்கியது. ஜனங்கள் ஓடவும் தோன்றாமல் நின்றார்கள். பிச்சம்மாதான் கத்தினாள்: "நேத்து இந்நேரம் நல்லாத்தான நின்னுச்சு! நேத்து இந்நேரம் நான் மொளகா கிளறிக்கிட்டிருந்தேனே!" ஓடிப்போய்ப் பாயில் காய்ந்த மிளகாயைக் கிளறினாள், வேறு என்ன செய்வதென்று தெரியாத பயத்தில்தான் கிளறினாள். தண்ணீர் ஒரு சாண் பின்வாங்கியது. அதைக் கண்ட மொக்கைச்சாமி, நேற்று தான் பாதி முகம் மழித்துக்கொண்டிருந்ததை நினைத்து, வேப்பமரத்தில் மாட்டின கண்ணாடிக்கு முன்னால் போய்ச் சோப்பைப் பூசினார். இன்னும் ஒரு சாண். ஒண்டிவீரன் பெண்டாட்டி வேலம்மாவைத் தேடிப்பிடித்து, "குழம்பா இது, கழுநீரா?" என்று கத்தினான், அவள், "கழுநீருக்குத் தகுந்த வாய்தான் ஒனக்கு!" என்று நேற்றுச் சொன்னதையே சொன்னாள். இன்னும் ஒரு முழம். அதற்குள் வண்டி வந்து நின்றது. பவுன்தாயை நாலு பெண்கள் தூக்கிக்கொண்டுபோய் அவள் வலது காலை எடுத்துப் படியில் வைத்தார்கள். சன்னாசி மேஸ்திரி விரலை நீட்டி, "போ, போய்த் தொல!" என்றார். அல்போன்ஸ் விசிலை வாயில் வைத்தான். தண்ணீர் நேராக நின்றது.

அதிலிருந்து அது மஞ்சப்பள்ளத்து வழக்கமாகிவிட்டது. காலையில் வேலைக்குப் போவார்கள், மத்தியானம் சாப்பிடுவார்கள், மூணு மணிக்குச் சுவர் விழுந்த நேரத்தில் யார் யார் என்ன செய்தார்களோ அதை அதே இடத்தில் செய்வார்கள். மிளகாய் தூளாகப் போனாலும் கிளறினார்கள், முகத்தில் மயிர் இல்லாவிட்டாலும் மழித்தார்கள். ஒண்டிவீரனும் வேலம்மாவும் ராசியாக இருக்கிற நாளிலும் மூணு மணிக்கு ஒருவரை ஒருவர் கழுநீர் என்று திட்டினார்கள். நாள் போகப்போக, நிஜமாகவே சண்டை வந்தால் திட்ட வேறு வார்த்தை கிடைக்காமல் திண்டாடினார்கள். பவுன்தாய் மூட்டையோடு வந்து காலை வைப்பாள். மேஸ்திரி போய்த்தொலை என்பார். தண்ணீரைப் பார்ப்பார்கள். அப்புறம் அதே மேஸ்திரி, "போதும், எறங்கு" என்பார், அவள் இறங்குவாள். மூட்டையில் அதே சேலைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன.

தாலுகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அணை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர் அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். "அணையே இல்லையே" என்றார். "இல்லாத அணையப் பத்திரமில்லன்னு நான் எப்படி எழுதுறது?" பிச்சம்மா போட்ட டீயைக் குடித்தார், வாத்துப் படகில் ஒரு சுற்றுப் போனார், குனிந்து தண்ணீரின் விளிம்பு வழியாகக் கீழே உள்ள வீடுகளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார், அத்தோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். முதலாளியும் வந்தார். முதலில் அழுதார், பிறகு வெளியே நின்ற கார்களைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவரைத் திரும்பக் கட்டலாம் என்றால் எந்தக் கொத்தனாரும் கிட்டப்போக மாட்டேன் என்கிறான், மேலே வழிவாய்ப் பலகையைப் பிடுங்கலாம் என்றால், பிடுங்குகிற நேரத்தில் என்ன ஆகுமோ என்று யாரும் பிடுங்க மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் கயிறு கட்டி, 'தண்ணீரைத் தொடாதீர்' என்று பலகை வைத்தார்கள். நிற்கிற தண்ணீரைப் பார்க்க மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கூட்டம் வந்தது. வீட்டுக்கு வீடு பஜ்ஜிக் கடை வந்தது. மூணு மணியைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள். பவுன்தாய் படியில் காலை வைத்ததும் கைதட்டினார்கள். மேஸ்திரி மீசையை முறுக்கிக்கொண்டு, ராகம் போட்டு, போய்த்தொலை என்று சொல்லப் பழகினார்.

மூணு மணிக்கு மேல் கிளம்பி மறுநாள் மூணுக்குள் திரும்பினால் என்ன என்று நினைப்பீர்கள். வேலம்மா அப்படித்தான் பெரியகுளத்தில் ஒரு சாவுக்குப் போனாள். திரும்பும்போது வண்டி பழுதாகி நின்றுவிட்டது. ஒண்டிவீரன் தனியாகக் கழுநீர் கழுநீர் என்று கத்தினான், பதில் சொல்ல ஆளில்லை, தண்ணீரிலிருந்து ஒரு கை அள்ளின மாதிரி ஒரு துண்டு பிரிந்து விழுந்து ஒரு ஆட்டுக்கொட்டிலை ஆடுகளோடு கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் முதல் கொண்டைவளைவைத் தாண்டிக் கீழே போகக்கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

செவந்திக்கு ஏழாம் மாதம் திருப்பூரில் வளைகாப்பு நடந்தது. தாய் இல்லாமல் நடந்தது. பவுன்தாய் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள், வளையல் சத்தமும் பெண்கள் சிரிப்பும் கேட்டது, யாரோ "அவங்கம்மா வரலியா?" என்று கேட்டதும் கேட்டது.

சம்பந்தியம்மா போனை வாங்கினாள். "வளைகாப்பு முடிஞ்சுச்சு. புள்ளயக் கூட்டிப்போறது ஒங்க மொறை. நாங்களா கொண்டாந்து விட்டா நல்லாவா இருக்கும்?"

"சம்பந்தியம்மா, இங்க வேண்டாம். அங்கனயே பாருங்க, நான் ஒங்க கால்ல விழுறேன்."

"தலப்பிரசவத்தத் தாய்வீட்டுல பாக்க மாட்டேங்குற தாய இப்பத்தான் பாக்குறேன்" என்று வைத்துவிட்டாள்.

அந்த ஆவணியில் மொக்கைச்சாமி செத்துப்போனார். காலையில் போனவரை மத்தியானத்துக்குள் எடுத்தாகவேண்டும் என்று அவசரப்பட்டார்கள், ஏனென்றால் மூணு மணிக்கு எல்லாரும் அவரவர் இடத்தில் நிற்கவேண்டும். மழிக்க யார்? கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறையில் இருந்த அவர் மகன் கொள்ளிவைக்க வந்திருந்தான். கொள்ளிவைத்துத் திரும்பியவன் கையில் மேஸ்திரி கத்தியைக் கொடுத்தார். "ஒங்கப்பன் இடம்ப்பா. நீதான் வாரிசு." அவன் ஒரே ஒரு நாள் என்று நினைத்து வாங்கினான். மறுநாளும் கொடுத்தார். அவன் பிறகு கோயம்புத்தூர் போகவில்லை. கன்னம் இரண்டும் தோலுரிந்து சிவந்துபோய், அதன்மேலேயே சோப்பைப் பூசிக்கொண்டு நின்றான்.

பவுன்தாய் அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். அன்றைக்குத் தன் வீட்டு வாசலில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "கீழ வீடு இருந்தாத்தான தண்ணி விழுந்தா குத்தம்? எல்லாரும் ஒண்ணா மேட்டுக்கு ஏறிருவோம். அது விழுந்தா விழட்டும், நின்னா நிக்கட்டும்."

"ஏறிப்போயி எங்கத்தா கட போடுறது?" என்றான் ஒண்டிவீரன்.

"கூட்டம் பூராவும் இங்கதான வருது" என்றாள் வேலம்மா. அன்றைக்கு அவர்கள் இருவரும் ஒரே பேச்சுப் பேசினார்கள்.

"ஒரு நேரம் மொளகா கிளறுறதுல என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள் பிச்சம்மா. "ஒனக்கென்ன பவுனு, ஒரு காலத் தூக்கி வச்சு எடுக்கணும். அந்தப் புள்ளயப் பாரு, தெனமும் மொகத்தச் செரைக்குது. அதவிடவா?"

மேஸ்திரி கடைசியாகப் பேசினார். சத்தம்போடவில்லை, அதுதான் பவுன்தாய்க்குப் பயமாக இருந்தது. "ஒருத்தரு நகர்ந்தாலும் எல்லாருக்கும் சாவு. இதுல ஒன் கால் ஒனக்கு மட்டும் கால் இல்ல தாயி. ஊருக்கே அது பொதுக் கால்."

அவள் ராத்திரியெல்லாம் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், வேறு யாரோ வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

புரட்டாசி பிறந்து ஒரு நாள், மூணு மணி வண்டி வந்து திரும்பி நின்றது, வேடிக்கைக் கூட்டம் இறங்கியது, எல்லாரும் இறங்கி முடிந்தபிறகு கடைசியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு செவந்தி படிக்கு வந்தாள். கையில் ஒரு பை. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"நீ கூப்பிட வரமாட்டேன்னா நானே வாரேன்" என்றாள். "பெத்த மகளுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த மனசில்லையா ஒனக்கு?"

"எறங்காத!" என்றாள் பவுன்தாய்.

"நல்லா இருக்கும்மா! நிக்கிற தண்ணிய உலகமே வந்து பாக்குது, நான் வந்தா மட்டும் விழுந்துருமா?"

வேப்பமரத்தடியில் அந்தப் பையன் சோப்பைப் பூசிக்கொண்டிருந்தான். ஒண்டிவீரன் தொண்டையைச் செருமினான். நேரமாகிவிட்டது. பவுன்தாயின் வலது கால், அவள் சொல்லாமலே, பழக்கத்தில் எழுந்து படியில் போய் உட்கார்ந்தது. தாயின் கால் கீழ்ப்படியில், மகளின் கால் மேல்படியில். மகள் இறங்கவேண்டும் என்றால் தாய் காலை எடுக்கவேண்டும்; வழக்கப்படி காலை எடுத்தால் மகள் இறங்கிவிடுவாள்.

மிளகாய்ப் பாயில் உட்கார்ந்திருந்த பிச்சம்மா செவந்தியின் வயிற்றைப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. மனசார, வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "பவுனு, இனி ஒனக்குக் கவலையில்லடி! ஒனக்குப் பின்னால கால் வைக்க மக வந்துட்டா, மகளுக்குப் பின்னால பேரப்பிள்ளயும் வரப்போகுது!"

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மேஸ்திரியும் அந்த வயிற்றைப் பார்த்தார், திருப்தியோடு பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டு பவுன்தாய் பக்கம் திரும்பி, விரலை நீட்டி, ராகம் போட்டுச் சொன்னார்: "போ, போய்த் தொல! இனி இந்தப் பக்கம் தல காட்டாத!"

"சரி மேஸ்திரி" என்றாள் பவுன்தாய். "போறேன்."

கைதட்ட இருந்த கூட்டம் கையை அப்படியே வைத்துக்கொண்டது.

"எல்லாரும் கேட்டுக்கங்க!" என்று அவள் கத்தினாள். "நான் ரெண்டாவது கால எடுக்கப்போறேன். மேட்டுக்கு ஓடுங்க! மதினி, மொளகாயப் போட்டுட்டு ஓடு! ஏலே, கத்தியப் போட்டுட்டு ஓடுலே!"

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஓடினார்கள். மஞ்சப்பள்ளத்துக்காரர்கள் ஒருவரும் ஓடவில்லை. பிச்சம்மா இன்னும் வேகமாகக் கிளறினாள். ஒண்டிவீரனும் வேலம்மாவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே, கழுநீர் கழுநீர் என்றார்கள். மேலே தண்ணீர் உப்ப ஆரம்பித்தது. பவுன்தாய் அதைப் பார்த்தாள், எல்லார் முகத்தையும் பார்த்தாள். அத்தனை பேரையும் கொன்றுவிட்டுத்தான் போகவேண்டுமா என்று இடது கால் ரோட்டிலேயே ஒட்டிக்கொண்டது. அப்போது மகள் குனிந்து அவள் கையைப் பிடித்தாள். "அம்மா, ஏறு" என்றாள். தாய் தன்னை விரட்டினது எதற்கு என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

பவுன்தாய் இடது காலைத் தூக்கினாள். மேஸ்திரி பாய்ந்துவந்து வலது காலைப் படியோடு சேர்த்துப் பிடித்தார். "தாயி, வேண்டாம் தாயி, கொன்னுறாத!" அவள் இழுத்தாள். கால் வந்துவிட்டது, செருப்பு வரவில்லை. மேஸ்திரி வெறும் செருப்பைப் படியில் வைத்து அமுக்கிக்கொண்டு நின்றார்.

மேலே பார்த்தார்கள். உப்பின தண்ணீர் யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் தொங்கியது. பிறகு சாண் சாணாகப் பின்வாங்கி நேராக நின்றது.

மேஸ்திரி செருப்பைப் பார்த்தார். பவுன்தாயும் செருப்பைப் பார்த்தாள். இத்தனை மாதமும் அது மட்டும் வந்திருந்தால் போதுமாயிருந்தது. அல்போன்ஸ் விசிலை வாயில் வைத்தவன், முதல் தடவையாக அதை ஊதியும் விட்டான்.

வண்டியில் அவள் அழுத அழுகைக்குச் செவந்தியால் சமாதானம் சொல்ல முடியவில்லை. பயம் போன அழுகை என்று அவள் நினைத்துக்கொண்டாள். பவுன்தாய் அழுதது வளைகாப்பைக் கண்ணால் பார்க்காததற்கு.

திருப்பூரில் பெண்குழந்தை பிறந்தது. அவர்கள் வந்து இறங்கிய அன்றைக்குச் சம்பந்தியம்மா முதலில் முறைத்தாள். ஒரு காலில் மட்டும் செருப்போடு சம்பந்தி வந்து நின்றதைப் பார்த்தபிறகு ஒன்றும் கேட்கவில்லை. தாய்வீடு வேண்டும் என்று பவுன்தாய் அதே தெருவில் ஓர் அறை பிடித்து, அதில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வடித்துப்போட்டாள். மூணு மணியானால் மட்டும் அவள் வலது கால் தரையைவிட்டு எழும்பும். அந்த நேரத்துக்குப் பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொள்வாள். அந்தப் பாரத்துக்குக் கால் அடங்கிக் கிடக்கும்.

தீபாவளிக்குத் துணியெடுக்க அல்போன்ஸ் திருப்பூர் வந்தவன், விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பவுன்தாய் காப்பியைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"நிக்குதா?"

"நிக்குதுக்கா. ஆனா ஊரு இல்ல."

செருப்பைத் தண்ணீர் ஏற்றுக்கொண்டதைப் பார்த்தார்கள் அல்லவா, முதலில் அந்தப் பையன் கத்தியையும் சோப்பு டப்பாவையும் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுக் கோயம்புத்தூர் போனான். தண்ணீர் நின்றது. பிச்சம்மா மிளகாய் கிளறுகிற கரண்டியைப் பாயில் வைத்துவிட்டு உசிலம்பட்டியில் மகன் வீட்டுக்குப் போனாள். ஒண்டிவீரனும் வேலம்மாவும் தங்கள் சண்டையை ஒரு பழைய செல்போனில் பிடித்துவைத்துவிட்டுப் போனார்கள். வண்டியில் போகும்போது பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்ததாக அல்போன்ஸ் சொன்னான். ஆள் இல்லாத ஊரைப் பார்க்க எவன் வருவான், கூட்டமும் போனது, முதலாளியும் வரவில்லை.

"அப்ப அதையெல்லாம் மூணு மணிக்கு எடுத்து வைக்கிறது யாரு?"

"மேஸ்திரிதான்க்கா. ஒத்த ஆளு. ஓடிப்போயி மொளகாயக் கிளறுறாரு, ஓடிவந்து கத்தியத் தீட்டுறாரு, செல்போன அமுக்குறாரு, நான் போயி நின்னதும் ஒன் செருப்பப் படியில வச்சுட்டு, அதப் பாத்துப் போய்த் தொலைங்குறாரு. மூச்சு வாங்குது, பாக்க முடியல. ஏறுங்க மேஸ்திரின்னு நானும் தெனம் சொல்லிட்டேன். நானும் போயிட்டா தண்ணிய யாரு நிறுத்துறதுங்குறாரு."

பவுன்தாய் மடியில் குழந்தையைச் சாய்த்துப் போட்டுக்கொண்டாள்.

"யாருக்காக நிறுத்துறாருன்னு கேளு" என்றாள். "நான் கேட்டேன்னு கேளு."

அல்போன்ஸ் அதை மறக்காமல் மலைக்குக் கொண்டுபோனான். மூணு மணிக்கு, படியில் செருப்பை வைத்துவிட்டுக் குனிந்தபடி இரைத்துக்கொண்டிருந்த சன்னாசியிடம், பவுன்தாய் கேட்ட மாதிரியே மெல்லக் கேட்டான். மேஸ்திரி நிமிர்ந்தார். வரிசையாக வீடுகளைப் பார்த்தார். பிச்சம்மா வீடு, பூட்டு. மொக்கைச்சாமி வீடு, பூட்டு. செல்போன் மட்டும் யாருமில்லாத வாசலில் கழுநீர் கழுநீர் என்று கத்திக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

மேஸ்திரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். வலது காலை வைத்தார். கொஞ்சம் நின்று, இடது காலையும் வைத்தார்.

தண்ணீர் அவசரப்படவில்லை. வண்டி கொண்டைவளைவு திரும்பி மறைகிறவரைக்கும் பொறுத்திருந்தது. அப்புறம், நின்று நின்று கால் கடுத்துப்போன ஒரு மனுஷி கையை ஊன்றி உட்காருவாளே, அப்படி மெதுவாக, மஞ்சப்பள்ளம் முழுக்க உட்கார்ந்தது.